பத்து மீட்டருக்குள்

ஐந்து நாளுக்கு ஒருமுறை
பாகூருக்கு மேலே கடக்கிறது அது.
சத்தமில்லை, நிழலில்லை.
ஏரிக்குக் கீழுள்ள வயலெல்லாம்
என் மேசையில்
கட்டம் கட்டமாய் வந்து விழும்.
கட்டம் ஒன்று பத்து மீட்டர்.
நீலம் என்றால் நீர் நிற்கிறது,
பழுப்பென்றால் உழுதாயிற்று.

நீலம் பதினைந்து நாள் நின்றால்
ஏக்கருக்கு இவ்வளவு என்று
திட்டத்தில் பணம் உண்டு.
அறுத்த வயலின் மடையை அடைத்து
ஒரு சாண் தண்ணீர் வைத்தார்கள்.
நத்தைகுத்தி நாரைகள் வந்தன,
பின்னாலேயே அரிவாள்மூக்கன்கள்.

ஐப்பசியில் மட்டும் படம் முழுக்க மேகம்.
அந்த வெள்ளைக்கு அடியில்தான்
உள்ளான்கள் வந்து இறங்கியிருந்தன,
யாரும் பார்க்காமல்.

சித்திரையில்
கலிவரதன் நிலம் முழுப் பழுப்பு.
'பறவைக்கு உதவாது' எனக் குறித்துக்கொண்டு
சரிபார்க்கப் போனேன்.

நேராய் வந்த டிராக்டர் தடம்
நடுவயலில் வளைந்து ஒதுங்கி
மறுபடி நேராகிறது.
இடையில்
இரண்டு கட்டில் போடுமளவு
கலப்பை படாத தாள்.
தலைக்கு மேலே ஆள்காட்டி
என்னைக் காட்டிக்கொடுத்துக் கத்துகிறது.
நான்கு முட்டை.
மண்நிறம், மண்ணிலேயே புள்ளி வைத்தது போல.

ஓட்டியவன் அருளப்பன்,
வாடகை வண்டி.
"வளைக்க டீசல் கூடத்தான் ஆச்சு,
கணக்குல சேக்கல" என்றான்,
வேறெங்கோ பார்த்து.

என் கட்டத்தில்
அது பத்தில் ஒரு பங்கும் தேறாது.
பழுப்பு பழுப்புதான்.
படிவத்தில் இதற்கொரு பத்தி இல்லை.

கத்தல் அடங்கட்டும் என்று
வரப்புக்குத் திரும்பினேன்,
அவன் வளைந்த தடத்திலேயே
கால் வைத்து.