பவுசர்க்காரன் வீட்டுச் சட்டிகள்

விடிய ஐந்தரைக்கு மாங்குளத்தில் தாங்கி நிரப்பினால்
ஒலுமடு, அம்பகாமம்,
பிறகு பெயர்ப்பலகை இல்லாத இரண்டு ஒழுங்கைகள்.
ஆவணி பிறந்தும் மழைக்கோலம் இல்லை.
சோளகம் புழுதியைக் கிளப்பி
முன்கண்ணாடியில் பூசிக்கொண்டே வரும்.
ஒரு வீட்டுக்கு இருநூறு லீற்றர்,
கொப்பியில் ஒரு கையெழுத்து.
குழாயைப் பூட்டுகிற நேரம் பார்த்து
பவளராணி அக்கா சட்டியை நீட்டுவா:
‘இன்னும் கொஞ்சம், தம்பி.’
இல்லை என்று சொல்வதற்குத்தான்
எனக்குச் சம்பளம்.

வீட்டில் பதினொரு சட்டிகள்.
சட்டி என்பது மரியாதைக்கு.
பால்மா ரின் நாலு, பெயின்ற் வாளி இரண்டு,
காது உடைந்த கோப்பை,
மிச்சமெல்லாம் ஐஸ்கிறீம் பெட்டி.
ஒன்றும் என்னிடம் எதுவும் கேட்பதில்லை.

முதலாவதை ஜெயரூபி வவுனியாவில் வாங்கினாள்.
முந்நூறு ரூபா.
பச்சைக் கல்லில் செதுக்கிய ரோசாப்பூ.
‘தண்ணி கண்டபடி ஊத்தாதேங்கோ’ என்றாள்.
ஊற்றினேன்.
பகல் முழுக்க அளந்து ஊற்றுகிறவன்
பொழுதுபட்டால் ஒருவருக்காவது
அளவில்லாமல் ஊற்ற வேண்டாமா?

ஒன்பதாம் நாள் அடியிலை கண்ணாடியானது.
பன்னிரண்டாம் நாள் தொட்டேன்.
அவித்த வெங்காயம்போல
விரலோடு கழன்று வந்தது.
அடைபட்ட வாய்க்கால் மணம்.
தாகத்தில் விழுந்த மாடுகளைக் கண்டிருக்கிறேன்.
தண்ணீர் குடித்துச் செத்த ஒன்றை
அன்றைக்குத்தான் கண்டேன்,
என் கை ஊற்றிய தண்ணீர்.

அவள் ஏசவில்லை.
பழுதாகாத இலை ஒன்றைக் கிள்ளி
யன்னல் கட்டில் வெறுமனே போட்டாள்.
மண் இல்லை, நீர் இல்லை.
மூன்றாம் கிழமை
இளஞ்சிவப்பாய் ஒரு நூல் எட்டிப் பார்த்தது.
அதன் பக்கத்தில் மிளகளவில் ஒரு குட்டிப் பூ.
தாயிலை நாளுக்கு நாள் வற்றி
தன் தண்ணீரை அதற்குள் இறக்கிக்கொண்டிருந்தது.
கையெழுத்தும் இல்லை, கொப்பியும் இல்லை.

பிறகுதான் படித்தேன்.
எங்கள் செம்மண் தனியே ஆகாது,
நனைந்தால் பிடித்த பிடி விடாது.
பாதிக்கு மேல் பருமணல்,
அடுப்புக்கரி, உடைத்த ஓட்டுத்துண்டு.
ஆணியைச் சுட்டு ரின்னின் அடியில் மூன்று துளை.
விரலை இரண்டாம் கணுவரை விட்டுப் பார்.
காய்ந்திருக்கிறதா?
இன்னும் இரண்டு நாள் பொறு.
பிறகு ஊற்று,
தலையில் அல்ல, காலடியில்,
துளையால் ஒழுகி வரும்வரை.
பிறகு மறந்துவிடு.
(மறப்பதுதான் எனக்குக் கடைசிவரை சரிவரவில்லை.
ஒளித்து ஒளித்துப் போய்ப் பார்ப்பேன்.)

காலை வெயில் நல்லது.
பதினொரு மணிக்குப் பிறகு இந்த வெயில்
தகரத்தையே வளைக்கும்,
முருங்கை நிழலுக்குள் இழுத்து வை.
கார்த்திகையில் ஊரே வானத்தைக் கும்பிட்டு
மழையில் நனைந்துகொண்டு நிற்கும்போது
நான் மட்டும் பதினொரு சட்டிகளையும்
கட்டிலுக்குக் கீழே ஒளித்து வைப்பேன்.
எனக்கும் அந்த மாதம் ஓவர்ரைம் இல்லை.

கிணற்றடிக் கத்தாழை மட்டும்
இந்தச் சட்டங்களுக்குள் வராது.
நாங்கள் திரும்பி வந்தபோது
வளவில் மிஞ்சியிருந்தது அதுதான்,
ஏழெட்டுக் குட்டிகளோடு.
அத்தனை வருசம் அதற்கு ஊற்றியது யார் என்று
நான் விசாரிக்கவில்லை.

போன வியாழன்
குட்டிப் பூ ஒன்றை ரின்னோடு முன்சீற்றில் ஏற்றி
ஒலுமடுவில் இறக்கினேன்.
‘இதுக்கு எவ்வளவு தண்ணி?’
‘கேட்டால் மட்டும் குடுங்கோ.’
‘வாய் இருக்கோ கேக்க?’
‘இலை சுருங்கும், அக்கா.’
பவளராணி அக்கா ரின்னை ஒருதரம் சுற்றிப் பார்த்தா,
தன் புறங்கைத் தோலையும் பார்த்தா.
சிரித்தா.
பிறகு வழக்கம்போலச் சட்டியை நீட்டினா.

பூட்டிய குழாயை
அரைச் சுற்றுத் திறந்தேன்.
கொப்பியில் எழுதவில்லை.