ரேகை

மஞ்சக்கானம் எஸ்டேட், மூணாவது டிவிஷன்.
மலை சரிந்த இடத்தில்
கம்பெனி ஒரு கல் நட்டிருக்கிறது.
கல் நட்ட கம்பெனி
கிராஜுவிட்டி தராமல் போய்ப் பத்தொன்பது வருஷம்.

ஏலப்பாறையிலிருந்து ஜீப்பில் பாதி, நடையில் பாதி.
ட்ரைபாட் என் தோளில் ஏற
அட்டை காலில் ஏறியது.
ராஜகனி முன்னால் போனாள்.
"பேரு தெளிவா விழணும், நெழல் விழக்கூடாது.
ஆபீஸ்ல அப்படித்தான் கேக்காங்க."

வழியில் அவள் லயம்.
கூரைக்குப் போன தேர்தலின் ஃபிளெக்ஸ்.
படுத்தால் தெரிகிற பக்கம் வேட்பாளர்,
இன்னும் கும்பிட்டபடி.

கல்லைச் சுற்றிய சங்கிலியில்
யாரோ பள்ளிக்கூட யூனிஃபார்ம் காயப்போட்டிருந்தார்கள்.
நகர்த்தினோம்.
பதினேழு பேர். மலையாள எழுத்து.
பாசி தின்றது போக மிச்சத்தைத் தடவிக்கொண்டே வந்து
பன்னிரண்டாவது வரியில் நின்றாள்.
மூக்காண்டி என்கிற அவள் அப்பா
'மூக்கன், டி.' ஆகியிருந்தார்.

லென்ஸில் ஒன்றும் தெரியவில்லை.
கல்யாணப் பெண்களுக்கென்று பையில் கிடக்கும் பவுடரை
எழுத்துப் பள்ளங்களில் அப்பி
ஊதினேன்.
அப்பா வெளுத்து வந்தார்.

வீடு கிடைக்க வேண்டுமென்றால்
இந்த மண்ணில் இருந்ததற்கு அத்தாட்சி வேண்டும்.
"ரேகையுண்டோ?" என்று கேட்டாராம் வில்லேஜ் ஆபீசர்.
அங்கே ரேகை என்றால் காகிதம்.
தெரியாமல் உள்ளங்கையை நீட்டிவிட்டாள்.
சொல்லும்போது அவளுக்கே சிரிப்பு வந்தது.

ரேஷன் கடை மெஷின் கேட்பது நம்ம ஊர் ரேகை.
முப்பத்தொரு வருஷம் கொழுந்து கிள்ளிய கட்டைவிரலை
துடைத்துத் துடைத்து வைத்துப் பார்த்தாள்.
மூன்று தடவையும் சிவப்பு விளக்கு.
அந்த மாதம்
பக்கத்து லயத்துக்காரி அரிசி அளந்தாள்.

எட்டு படம் எடுத்தேன்.
மூட்டை கட்டும்போது,
"இதையும் ஒண்ணு எடுங்க" என்றாள்.
பன்னிரண்டாவது வரிக்குப் பக்கத்தில்
வெறும் கல்.

"அம்மையும் அன்னிக்கித்தான்.
கைக்காசுக்கு வேலைக்கு வந்தவ.
செக்ரோல்ல பேரில்ல,
அதனால கல்லுலயும் இல்ல."

கொஞ்சம் பொறுத்து,
"ஒண்ணுமில்லாத எடத்துக்கும் அதே ரேட்டா?"

என்ன சொல்வது என்று தெரியாமல்
கேமராவுக்குள் முகத்தை வைத்துக்கொண்டேன்.
வெறும் கல்லில் ஃபோகஸ் நிற்கவில்லை.
முன்னே போகிறது, பின்னே வருகிறது,
விர் விர் என்று தேடுகிறது.

விரலை வைங்க, என்றேன்.
எந்த விரல் என்று கேட்காமல்
கட்டைவிரலை அழுத்தினாள்.

பிடித்துக்கொண்டது.