விலகும் காரணம்

மூன்று படுக்கையறை வில்லாவில் தொடங்கிய பள்ளி இது.
குளியலறைதான் வேதியியல் கூடம்.
தொட்டிக்குள் அமிலக் குப்பிகளை அடுக்கி
ஷவர் குழாயில் பியூரெட்டைக் கட்டி
டைட்ரேஷன் செய்தார்களாம்
முதல் ப்ளஸ் டூ பிள்ளைகள் ஒன்பது பேர்.
எட்டுப் பேர் இன்ஜினியர்.
ஒன்பதாமவரைப் பற்றி ஆண்டுமலரில் ஒன்றுமில்லை.

நான் வந்தது தொண்ணூற்று நாலில்.
அதற்குள் நான்கு மாடி, பதினெட்டுப் பேருந்து,
காலை ஷிஃப்ட் பெண்கள், மாலை ஷிஃப்ட் ஆண்கள்.
என் வேலை டி.சி. எழுதுவது.
"ஜெசிந்தா மிஸ்" என்று
கண்ணாடித் துவாரத்தில் முதலில் கைதான் நீளும்.
முகம் அப்புறம் குனியும்.

நம் சம்பளத்துக்குக் குவைத்தில் பள்ளி உண்டு, கல்லூரி இல்லை.
பன்னிரண்டாவது முடிந்தால் விமானம்.
அதனால் ஒன்பதாவதிலேயே
ஃபஹாஹீலின் மாடிகளிலெல்லாம் நுழைவுத்தேர்வு வகுப்பு.
புழுதிக்காற்றுக்கு அரசாங்கம் விடுமுறை விடும்,
ஃபிஸிக்ஸ் வேணுகோபாலன் சார் விடமாட்டார்.
ஈரத் துண்டால் ஜன்னல் இடுக்கை அடைத்துவிட்டு
சுழற்சி இயக்கம் நடத்துவார்.
நோட்டில் படியும் மஞ்சள் தூளை
ஊதி ஊதி எழுதுவார்கள் பிள்ளைகள்.

பதிவேட்டின் கடைசிக்கு முந்தைய கட்டம்: விலகும் காரணம்.
மேற்படிப்பு.
மேற்படிப்பு.
தந்தையின் விசா ரத்து.
மேற்படிப்பு.
நிறுவனம் மூடல்.
'தந்தை' என்று எழுதி, அடித்து,
பிறகு ஒன்றும் எழுதாத ஒரு கட்டம்.
என் கையெழுத்துதான். யாரென்று சொல்லமாட்டேன்.
கடைசிக் கட்டம் நடத்தை.
எல்லோருக்கும் 'நன்று'.
பேருந்து இருக்கையைக் கொளுத்தியவனுக்கும் நன்று.

முதல் பதிவேடு எனக்கு மூத்தது.
போர் முடிந்து திரும்பியவர்கள் பார்த்தபோது
பெஞ்சுகளை எரித்துத் தேநீர் போட்டிருந்தார்களாம் சிப்பாய்கள்.
மணியைக் காணோம். கதவுகளைக் காணோம்.
ஆசிரியர் அறை ஃப்ரிட்ஜின் குட்டைக் காலுக்கு
முட்டுக்கொடுத்துக் கிடந்தது பதிவேடு.
அட்டையில் அந்தக் காலின் வட்டம் இன்னும் இருக்கிறது.
அரசு முத்திரை என்று நினைக்கிறார்கள் சிலர்.

போன ஏப்ரலில் ஒருவர் வந்தார்.
பாதி நரை. மகளுக்குப் பதினொன்றாம் வகுப்பு சேர்க்கை.
படிவம் கொடுத்த பிறகும் நகரவில்லை.
"நானும் இங்கேதான் படித்தேன், பதினொன்று பி.
என் டி.சி. இன்னும் வாங்கவில்லை."

ஷேக் உதுமான், த/பெ அப்துல் வதூத்.
டி.சி. இல்லாமல் ஊரில் எங்கும் சேர்க்கவில்லையாம்.
தாசில்தாரிடம் ஒரு சான்று,
தலைமையாசிரியருக்கு அத்தாவின் டேப்ரெக்கார்டர் என்று
ஒருவழியாய் நுழைந்திருக்கிறார்.
"இப்போது எதற்கு?" என்றேன்.
"எதற்கும் இல்லை."

ஓரத்தில் யாரோ பென்சிலில் எழுதியிருந்தார்கள்:
லாகரிதம் அட்டவணை திரும்ப வரவில்லை.
பாக்கி இருந்தால் டி.சி. கிடையாது, விதி.
"அது என் மேசை டிராயரில்தான் இருந்தது மிஸ்.
ஆகஸ்டு கடைசியில் வந்துவிடுவோமே என்று
வீட்டைப் பூட்டிவிட்டுப் போனோம்."
முந்நூற்றைம்பது ஃபில்ஸ் எண்ணிக் கொடுத்தார்.
ரசீது போட்டேன்.

கடைசியாக வந்த நாள்: ஜூன் ஆறு, புதன்.
அந்தப் பக்கத்தில் அவரோடு நாற்பத்தொரு பெயர்.
நாற்பத்தொரு காரணக் கட்டமும் காலி.
போர் என்று எழுதப் பேனா எடுத்தேன்.
ஆனால் அந்தப் புதன்கிழமை போர் இல்லையே.
"அன்றைக்கு எதற்குப் போனீர்கள்?"
"லீவுக்கு."

கோடை விடுமுறை, என்று எழுதினேன்.
நடத்தை: நன்று.

மை காயும்வரை ஊதினார்.
மடிக்காமல் மகளின் கோப்புக்குள் வைத்தார்.
அவளோ சுவரில் ஒட்டிய கால அட்டவணையைப் படித்துக்கொண்டிருந்தாள்.
"வெள்ளிக்கிழமையுமா?" என்றாள்.