முப்பத்தொன்று புள்ளி நான்கு

கொளத்தூர் மீன்கடைகள் ஷட்டர் இறக்கிய பிறகுதான்
அருமைராஜ் அழைத்தார்.
சில்லர் நின்னுபோச்சு, உடனே வா.
மூலக்கடையில் தேங்கிய தண்ணீரில்
வண்டியைத் தள்ளிக்கொண்டு போய்ச் சேர்ந்தேன்.

பின்னறையில், விலை ஒட்டாத தொட்டி.
நீல விளக்கின் கீழே
மான்கொம்பு போலக் கிளைத்த ஒன்று.
"செடியாண்ணே?"
"பவழம். உசுரு. மெல்லப் பேசு."
பவழக்காரத் தெருவில் எத்தனை ஏசி மாட்டியிருப்பேன்,
எனக்குத் தெரிந்த பவழம்
செவ்வாய் தோஷத்துக்கு மோதிரத்தில் உட்காரும்.

இது தூத்துக்குடித் தீவோரம் உடைத்தது,
ஐஸ் பெட்டியில் இறால் என்று எழுதி
இரவு பஸ்ஸில் வந்தது.
பிடித்தால் ஜெயில் என்பதையும் விலையையும்
ஒரே மூச்சில் சொன்னார்.

தெர்மாமீட்டரில் முப்பத்தொன்று புள்ளி நான்கு.
கொருக்குப்பேட்டையில் அதற்கு
ஃபேன்கூடப் போடமாட்டோம்.
இதற்கோ நுனியெல்லாம் வெளுத்துக்கொண்டு வந்தது.
இன்னும் சாகல, என்றார்.
உள்ளே குடியிருந்து சோறு போட்ட பாசியை
சூடு தாளாமல் தானே வெளியே துரத்திவிட்டதாம்.
இனிப் பட்டினி.
வீடு மட்டும் சுண்ணாம்பு அடித்தமாதிரி.

கெபாசிட்டர் போயிருந்தது.
மாற்றிப் போட்டதும் மோட்டார் உறுமியது.
தொட்டி குளிரக் குளிர
சந்துப்பக்கம் அனல் அடித்தது.
எதிர்வீட்டு நசீமா திட்டிக்கொண்டே ஜன்னலைச் சாத்தினார்.

இருபது வருடமாய் இதே தொழில்.
குளிர் என்று ஒன்றை யாரும் செய்வதில்லை.
இங்கிருக்கும் சூட்டை அள்ளி
அடுத்தவன் பக்கம் கொட்டுவோம்.

எண்ணூரில் நிலக்கரி எரிந்து வரும் கரண்டில்
இந்தத் தொட்டி குளிர்கிறது.
அங்கே வெந்நீர் வந்து விழும் வாய்க்காலோரம்
சாம்பல் சேற்றில் என் மச்சான் ஜெபமணி வலை வீசுவான்,
கால் சுட்டால் நாலடி தள்ளி நிற்பான்.
கொம்புக்குக் கால் ஏது.

"கடலுக்கு ஒரு சில்லர் மாட்டினா
அனலை எந்தச் சந்துல விடுறதுண்ணே?"
அருமைராஜ் சிரிக்கவில்லை.
பில்லில் என்ன எழுத என்று கேட்டேன்.
"இறால் பெட்டி ரிப்பேர்."
எழுதினேன். ஆயிரத்து நானூறு.

மூலக்கடை தாண்டும்போது
தெருவிளக்கெல்லாம் ஒரேயடியாய் அணைந்தன.
அவர் கடையில் இன்வெர்ட்டர் கிடையாது.
வண்டியை நிறுத்தி நிமிடம் எண்ணினேன்.
பதினொன்று வரை எண்ணியிருப்பேன்.
கொசு பிடுங்கியது.
கிளம்பிவிட்டேன்.