புள்ளி இல்லாத எழுத்து

கூட்டம் பத்து மணிக்கு என்றார்கள்.
பதினொன்றரைக்குத்தான் மைக் வந்தது.
முதல் விஷயம், கோபுரத்துக்கு வர்ணம்.
இரண்டாவது, வரி: புள்ளிக்கு மூவாயிரம்.
மூன்றாவதுக்குத் தாளில் பெயர் இல்லை,
'இதர' என்று போட்டிருந்தார்கள்.

இதர
கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தது,
மடியில் ஒரு பிளாஸ்டிக் உறையோடு.

மோல்மேனிலிருந்து பள்ளத்தூருக்கு வந்தவர்.
விலாசத்தைப் பிசகாமல் சொன்னார்:
பழ. வீர. சித. சோலையப்பன்.
அரிசியில் கல் பார்ப்பது போல
ஒவ்வொரு தமிழ்ச் சொல்லாகப் பார்த்து எடுத்து வைத்தார்.
"என் ஐயா இந்தக் கோயில் புள்ளி.
என்னையும் எழுதிக்கொள்ளுங்கள். வரி கட்டுகிறேன்."

ஒரு பையன் இரண்டு விரலால் கண்ணை இழுத்துக் காட்டினான்.
அவன் அப்பச்சி கையைத் தட்டிவிட்டார்,
தட்டிவிட்டுச் சிரித்தார்.
"சைனாக்காரன்" என்றது ஒரு குரல், சத்தமாக இல்லை.
சிரிப்பு பந்தியில் பரிமாறுவது போல
வரிசையாக வந்தது.

போன வருஷமும் வந்தது.
போன வருஷம் என் இலையிலும் விழுந்தது.
சாப்பிட்டேன்.

நான் கணக்கு வாசிக்க வந்தவள்.
இருபத்திரண்டு வருஷமாக ஆடிட்டர்.
பெயர் சிகப்பி, நிறம் கறுப்பு.
பெண் பார்க்க வந்த மூன்று வீட்டார்
அதையே வேடிக்கையாகச் சொல்லிவிட்டுப்
பலகாரத்தை மட்டும் முடித்துக்கொண்டு போனார்கள்.
ஆகவே எனக்கு இதெல்லாம் தெரியாது என்று
சொல்லிக்கொள்ள முடியாது.

வரவு செலவு வாசித்து முடித்தேன்.
மைக்கைத் திருப்பிக் கொடுக்கவில்லை.
பையிலிருந்து என் பாட்டையாவின் பேரேட்டை எடுத்தேன்.
பாகம் பிரித்த அன்று
ஊறுகாய் ஜாடிக்குச் சண்டை போட்டவர்கள்
இதை எனக்குத் தாராளமாக விட்டுக்கொடுத்தார்கள்.

"மோல்மேன் கடை. ஐப்பசி எட்டு.
மா செய்ன் வகைக்கு அரிசி மூட்டை ஒன்று.
மா செய்ன் பிள்ளைகள் இரண்டுக்குத் துணி.
பற்று."

பற்று.
எங்கள் தொழிலில் அதற்கு ஒரே அர்த்தம்தான்.

பதினாறு வருஷம் அந்தப் பிள்ளைகள்
பற்றுப் பக்கத்திலேயே வளர்ந்திருக்கிறார்கள்.
பிறகு கூட்டிக் கோடு போட்டுவிட்டுக்
கப்பல் ஏறியிருக்கிறார்.
தேக்கு வந்தது. வைரத்தோடு வந்தது.
ஒரு சுவர்க்கடிகாரம் உடையாமல் வந்தது.

"ஆச்சி, கணக்கை மட்டும் பாருங்க" என்றார் ஒருவர்.
கணக்கைத்தான் பார்க்கிறேன் என்றேன்.
கோலாலம்பூரில் என் கொழுந்தனை
நிறம் சொல்லி ஒருவன் காறித் துப்பியபோது
இதே மண்டபத்தில் கண்டனத் தீர்மானம் போட்டோம்.
நான்தான் டைப் அடித்தேன்.
'மனித மாண்புக்கு எதிரானது' என்று ஒரு வரி,
எல்லோரும் கை தட்டினீர்கள்.
அந்த வரியை இந்த ஊருக்கும் சேர்த்து
அடித்ததாகத்தான் நினைத்தேன்.

"அரைப்புள்ளிக்கு இவ்வளவு பேச்சா?"
என் கணவர் இறந்த வருஷத்திலிருந்து
ஏட்டில் நான் அரை.
குரல் நடுங்கியது, மறைக்கவில்லை.
ஒன்றாம் வகுப்பில் சொல்லிக்கொடுத்தார்களே:
புள்ளி வைத்தால் அந்த எழுத்தில் உயிர் இல்லை.
க் என்று தொண்டையிலேயே நின்றுவிடும்.
இந்த மண்டபத்தில் நூற்றுப் பதினெட்டுப் புள்ளி.
அவர் ஒருவர்தான் இல்லாமல் நிற்கிறார்.

யாரும் சிரிக்கவில்லை. யாரும் எழுந்திருக்கவும் இல்லை.
செயலாளர் கடிகாரத்தைப் பார்த்தார்.
'இதர: விவாதிக்கப்பட்டது' என்று எழுதினார்,
மூடினார்.

பந்தியில் அவர் பக்கத்து இலை காலியாக இருந்தது.
உட்கார்ந்தேன். எதிர் இலையில் இருந்த
என் சொந்த நாத்தனார் எழுந்து போனாள்.
கும்மாயம் வைத்தார்கள்.
"இது எங்கள் வீட்டில் உண்டு" என்றார் சோலையப்பன்,
"பெயர்தான் தெரியாமல் இருந்தது."

தணிக்கை அறிக்கை மேஜை மேல் கிடக்கிறது.
'புள்ளிகளின் எண்ணிக்கை சரிபார்க்கப்பட்டது' என்று
அதில் ஒரு வரி. கீழே என் கையெழுத்துக்கு இடம்.
செயலாளர் மூன்று தடவை கூப்பிட்டுவிட்டார்.
எடுத்துப் பேசினேன், மரியாதையாகத்தான்:

எண்ணிக்கை இன்னும் சரியாக வரவில்லை.