சரியான அளவு

பதினேழாம் மாடியிலிருந்து பார்த்தால்
தஞ்சோங் பகாரில் பாரந்தூக்கிகள் சும்மா நிற்பது தெரியும்.
ஜெனீவாவின் கடிதம் நான்கு மணிக்கு வந்தது.
அங்கே காலை. இங்கே மழை.
ஒரே பக்கம்தான்,
மன்னார் நிலையத்துக்குத் தமிழில் போக வேண்டும்,
ஐந்து மணிக்குள்.

'ரைட்சைசிங்' என்றிருந்தது.
'சரியான அளவாக்கல்' என்று எழுதிப் பார்த்தேன்.
அப்படியானால் நேற்றுவரை
தப்பான அளவிலா இருந்தோம்?
அடித்துவிட்டு 'சீரமைப்பு' என்றேன்.
போன வருடம் புயல் பிய்த்த படகுத்துறைக்கு
நான் எழுதிக் கொடுத்த அதே சொல்.
கூச்சமாக இருந்தது.
'ஆட்குறைப்பு' விரல் நுனிவரை வந்தது.
அதை எழுத எனக்குச் சம்பளமில்லை.

முதலில் நின்றது பிஸ்கட்.
பிறகு பத்திரிகைகள்.
பிறகு வாடகைச் செடிகள்.
வாராவாரம் இலை துடைக்க வருகிற மொஃபிசுல்
தொட்டிகளைத் தள்ளுவண்டியில் ஏற்றும்போது
ஒவ்வொரு மேசையிலும் மன்னிப்புக் கேட்டுக்கொண்டே போனார்.
எதற்கென்று அவருக்கும் தெரியாது.

ஹஸ்லிண்டா கையில் இரண்டு நிற ஒட்டுத்தாள்.
மஞ்சள் ஏலத்துக்கு,
பச்சை புக்கிட் மேராவில் எடுத்திருக்கும் சின்ன இடத்துக்கு.
எனக்குப் பச்சை ஒட்டினாள்.
நாற்காலிக்கு.
இருவரும் சிரித்தோம், கொஞ்சம் அதிகமாகவே.

புதிய வரைபடம் சுவரில் ஏறியது.
ஆசியாவும் ஆப்பிரிக்காவும் ஒரே பெட்டி.
நடுவிலிருந்த கடலை எங்கே வைத்தார்கள் என்று
கணக்குப் பிரிவு சியோவிடம் கேட்டேன்.
சர்க்கரை போடாத கோப்பியை உறிஞ்சியபடி
"அடுத்த காலாண்டில்" என்றான்.
காற்று எச்சரிக்கைப் பிரிவு
'அறிவுப் பகிர்வு' என்ற பெட்டியிலிருந்து
ஒரு புள்ளிக்கோட்டில் தொங்கிக்கொண்டிருந்தது.
கோட்டின் மறுமுனையில் பெயர் இல்லை.

'தங்கள் புரிதலுக்கு நன்றி' என்று முடித்து
நாலு ஐம்பத்திரண்டுக்கு அனுப்பினேன்.

மன்னாரிலிருந்து குரூஸ் உடனே பதில் போட்டார்:
"கடிதம் கிடைச்சது. தமிழ் வடிவாயிருக்கு.
ஒண்டு மட்டும் கேக்கோணும்.
விடியக்காலை நாலு மணிக்கு வாற காத்துச் செய்தி
திங்களில இருந்து வருமோ, வராதோ?
சனம் கேக்குது."

கடிதத்தை மறுபடி வாசித்தேன்,
ஆங்கிலத்திலும், என் தமிழிலும்.
வரும் என்றும் இல்லை, வராது என்றும் இல்லை.
ஜெனீவாவை அழைத்தேன்.
கூட்டத்தில் இருக்கிறார்களாம்.
இன்னொரு எண். அதில் வயலின்.

ஆறரைக்கு மேல் குளிரூட்டி ஓடாது.
அதுவும் சிக்கனம்.
வியர்வையில் உட்கார்ந்து
'விசாரித்துச் சொல்கிறேன்' என்று தட்டினேன்.
அழித்தேன்.
என் கைத்தொலைபேசி எண்ணை எழுதினேன்,
வானிலைப் படங்களை நானே பார்க்கத் தெரியும்,
அரைகுறையாக,
ஏழு வருடம் மொழிபெயர்த்த பழக்கம்.

மன்னாரில் நாலு மணி என்றால் இங்கே ஆறரை.
ஆறுக்கு அலாரம் வைத்தேன்,
திங்கள் முதல், தினமும்.
என் ஒப்பந்தம் வெள்ளியோடு முடிகிறது.