இருபத்தாறு சுற்று

காரிமங்கலத்தில் என் கடைப் பலகையில்
முன்பு ஆறு தொழில் இருந்தது.
சீட்டு, இன்சூரன்ஸ், பர்கூர் மொத்தப் புடவை,
பான் கார்டு, பழைய பைக் வாங்க விற்க;
கீழே கொஞ்சம் இடம் மிச்சம் இருந்ததால்
மோட்டார் காயில் கட்டப்படும்.

கட்டியது நானில்லை, சம்பளத்துக்கு இருந்த பையன்.
அவன் ஓசூர்க் கம்பெனிக்குப் போன வாரம்
பெரியாம்பட்டி மாதையன்
ஏழரை எச்.பி. சப்மெர்சிபிளை
வாசலில் உருட்டிவிட்டு நின்றார்.
“தக்காளி காயுதுக்கா, நாளைக்கு வேணும்.”
சரி என்றேன்.
சரி என்று சொல்வதுதான் அன்றைக்கு
எனக்கு முழுசாகத் தெரிந்த தொழில்.

இரண்டே நாளில் புகைந்து திரும்பி வந்தது.
கம்பிக் காசு என்னுடையது,
காய்ந்த தக்காளி அவருடையது.
அவர் திட்டவில்லை. அது இன்னும் மோசம்.

அதன் பிறகு எரிந்ததைத்தான் படித்தேன்.
பழைய இரும்புக் கடையில் எடைக்கு வாங்கி
கருகிய சுருளை ஒவ்வொன்றாக உருவி
விரல் விட்டு எண்ணினேன்.
மூன்றில் இரண்டு பேஸ் கருகி
ஒன்று பளபளவென்று இருந்தால்
லைனில் ஒரு பேஸ் வரவில்லை.
மூன்றும் ஒரே மாதிரி வெந்திருந்தால்
சுமை, இல்லை, தண்ணீரில்லாமல் ஓடியிருக்கிறது.
ஒரே காடியில் ஓர் ஊசிமுனைக் கறுப்பு என்றால்
கட்டியவள் இழுத்த இழுப்பில் தோல் உரிந்தது.
அந்தக் கறுப்பை மட்டும்
வெட்டி எடுத்து மேஜையில் வைத்திருக்கிறேன்.

இருபத்துநாலு காடி,
காடிக்கு இருபத்தாறு சுற்று.
பவுடர் தடவி, கோத்து, மறுமுனையில் வாங்கி,
மறுபடி கோக்க வேண்டும்.
பதினாலாவது சுற்றில் போன் அடித்தால்
எண்ணிக்கை போய்விடும்; அவிழ்க்கணும்.
முதலில் ஒரு போன் போனது.
சீட்டை முடித்துக் கணக்கைக் கொடுத்தேன்.
புடவைகள் வாங்கின விலைக்கே போயின.
பலகையில் ஒரு வரி அழிக்க
பெயிண்டர் திம்மராயன் முப்பது ரூபாய் கேட்டான்.
“எழுதினதுக்கே இருபதுதானே?”
“அழிக்கிறதுக்கு ரெண்டு கோட் வேணும்க்கா.”

தவணையில் வாங்கின காரை விற்ற அன்று
மகள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்:
“அம்மா, நாம ஏழையாயிட்டமா?”
பதினெட்டு, என்றேன்.
அது பதிலாக அவளுக்குப் படவில்லை.
இருபத்தாறு முடிந்ததும் நிமிர்ந்தேன்;
அவள் தூங்கியிருந்தாள்,
அறுந்த கம்பித் துண்டை
மோதிரமாகச் சுற்றிக்கொண்டு.

நல்லதாக மட்டும் சொல்லக் கூடாது.
மழை மாதத்தில் வேலை வராது.
கடை வாடகைக்கு ஒரு வளையல் போனது.
அண்ணன் வீட்டுக் கல்யாணத்தில்
“மெக்கானிக் வந்துட்டா” என்றார்கள்;
கிரீஸ் ஏறின நகத்தை
முந்தானையில் மறைத்துக்கொண்டேன்.
இப்போதும் மறைப்பேன் என்றே நினைக்கிறேன்.

நாலு வருஷம் கழித்து, போன சித்திரையில்
மாதையன் அதே மோட்டாரோடு வந்தார்.
ஒரே வருஷத்தில் மூன்றாவது தடவை.
பிரித்தேன். மூன்று பேஸும் ஒரே நிறம்.
மூடியில் மணல். தண்ணீர்க் கறை எங்கேயுமில்லை.
கட்டினால் எனக்கு ஆறாயிரம்.
வளையல் ஞாபகம் வந்தது.

“மோட்டார்ல ஒண்ணுமில்லைண்ணே.
போர்ல தண்ணி இல்லை. கட்ட வேணாம்.”
அவர் வெகுநேரம் மோட்டாரையே பார்த்தார்,
அது பொய் சொல்லியிருந்ததைப் போல.
பிறகு இரண்டு டீ வாங்கி வந்தார்.
இந்த வருஷம் ராகிதானா என்று
என்னையல்ல, கிளாஸைக் கேட்டார்.

அவர் போனதும் பாதியில் விட்டிருந்த
வேறொருவர் ஸ்டேட்டரை எடுத்தேன்.
ஒன்பதாவது காடி. இருபத்தொன்றா, இருபத்திரண்டா?
யாரும் பார்க்கவில்லை.
ஒரு சுற்று குறைந்தால்
ஒரு கோடை முழுக்க ஓடவும் கூடும்.

அவிழ்க்கிறேன்.
ஒன்று.